மாட்டு நுரையீரலில் சுண்ணாம்புக் கட்டி: அறுத்தவருக்கு டிபி வருமா?

வட மாவட்டம் ஒன்றில், நகராட்சித் தொட்டியில் (இறைச்சிக்கூடத்தில்) 14 ஆண்டுகளாக மாடு அறுக்கும் 38 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு கிழப் பசுவை அறுத்தபோது, நுரையீரலில் கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் கட்டிகள் இருந்தன. கத்தி வைத்ததும் மணலை அறுப்பதுபோல் நறநறவென்றது. உள்ளே கெட்டியான சுண்ணாம்புக் குழம்பு. விலாவின் உட்புறத்தில் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியிருந்தன. மேஸ்திரி பார்த்துவிட்டு, "சளிக் கட்டிதான், சீவிப் போட்டுட்டு மீதியைத் தொங்கவிடு" என்றார். சீவும்போது இவருடைய இடது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அதே இடத்தில் மரு மாதிரி ஒன்று மெதுவாக வளர்ந்து வருகிறது. இப்போது மூன்று வாரமாக இருமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து "கிருமி இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று அந்த மாட்டின் ஈரலை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்துச் சாப்பிட்டும் இருக்கிறார்கள். வீட்டில் மனைவி, 6 வயது மகள், 2 வயது மகன்.

"எனக்கு வந்திருப்பது மாட்டு டிபியா? ஈரல் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஆபத்தா? சின்ன வயதில் தோளில் போட்ட ஊசித் தழும்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா? டாக்டர் பார்த்து விட்ட மாடுதானே அது? வெளியே சொன்னால் வேலை போய்விடுமே? கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடிக்கிறேன், அது தப்பா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது விரலில் வளரும் அந்த மரு. ஈரலைப் பற்றி நான்கு வரி எழுதிய நீங்கள் மருவை அரை வரியில் முடித்துவிட்டீர்கள். கவலைப்பட வேண்டிய வரிசை தலைகீழாக இருக்கிறது. ஈரல் வெந்துவிட்டது, அதில் இருந்த கிருமியும் செத்துவிட்டது. விரலில் புகுந்தது எதுவும் வேகவில்லை.

மாட்டுக் காசநோய் பற்றிய பேச்சு எல்லாம் "கறி சாப்பிடலாமா, பால் குடிக்கலாமா" என்பதிலேயே நின்றுவிடுகிறது. நன்றாக வெந்த கறியிலும், பொங்கக் காய்ச்சிய பாலிலும் இந்தக் கிருமி பிழைக்காது. பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கியே இதைக் கொன்றுவிடுகிறார்கள். அடுப்புக்கு வருவதற்கு முன், சூடு ஆறாத நுரையீரலை நெஞ்சோடு அணைத்து அறுக்கிறவருக்குத்தான் நிஜமான ஆபத்து. கட்டியை வெட்டும்போதும் தண்ணீர் பீய்ச்சும்போதும் எழும் நுண்துளி மூச்சில் போகும். கத்தி பட்ட கீறல் வழியாகத் தோலுக்குள் போகும். இந்த இரண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருந்தன.

மறுபடி மருத்துவமனைக்குப் போங்கள், இந்த முறை கேட்டு வாங்குங்கள்

சளியில் ஒரு மில்லிக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் படும். ஆகவே "கிருமி இல்லை" என்ற சீட்டை வைத்து டிபி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அரசு மருத்துவமனையில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் இலவசம். இரண்டையும் கேளுங்கள். விடியற்காலையில் பல் துலக்குவதற்கு முன் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்கும் சளிதான் பயன்படும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த இயந்திரமும் உதவாது.

விரலைத் தனியாகக் காட்டுங்கள். கசாப்புத் தொழிலாளிகளுக்கும் பிணப் பரிசோதனை செய்பவர்களுக்கும் காயத்தின் வழியாகக் காசநோய்க் கிருமி புகுந்து தோலில் மரு போல வளர்வது மருத்துவ நூல்களில் வெகு காலமாகப் பதிவான விஷயம். அது வலிக்காது, அரிக்காது, மேல்புறம் சொரசொரவென்று தடித்து, மாதக்கணக்கில் மெல்லப் பரவும். சாதாரண மரு என்று ஆசிட் வைத்தோ, பிளேடால் சீவியோ பார்க்காதீர்கள். சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். முழங்கை மடிப்பிலும் அக்குளிலும் நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலோ அக்குளிலோ மட்டும் டிபி இருந்தால் சளிப் பரிசோதனை எத்தனை முறை செய்தாலும் "இல்லை" என்றே வரும். அங்கே ஊசி வைத்து நெறியிலிருந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "நான் மாடு அறுக்கிறவன். கட்டி இருந்த மாட்டை அறுத்தபோது விரலில் வெட்டுப் பட்டது" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு "கூலி வேலை" என்று சொல்லாதீர்கள். மருந்து விஷயத்தில் இது முக்கியம். நம் நாட்டில் டிபிக்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தம்பூட்டால் என நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு தவிர்த்த மூன்று மருந்தும் தருகிறார்கள். மாட்டுக் காசநோய்க்குப் பெயர் போன மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற கிருமிக்குப் பைராசினமைடு இயல்பாகவே வேலை செய்யாது. சிபிநாட்டும் ட்ரூநாட்டும் "டிபி இருக்கிறது" என்று சொல்லும், மனித வகையா மாட்டு வகையா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்து இனம் பார்க்க வேண்டும். போவிஸ் என்று தெரிந்தால் சிகிச்சைக் காலத்தை நீட்டுவது டாக்டரின் முடிவு. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம்.

மாட்டிலிருந்துதான் வந்தது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்

உங்கள் இருமலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். டிபியாகவே இருந்தாலும், இந்தியாவில் மனிதருக்கு வரும் டிபியில் மிகப் பெரும்பாலானது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளிடம் சேகரித்த 940 டிபிக் கிருமி மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். அவற்றில் இயற்கையாகத் தொற்றிய போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஆனால் 7 மாதிரிகளில் மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் என்ற வேறொரு கிருமி இருந்தது. அது நம் பக்கத்து மாடுகளிலும் காணப்படுவது. ஆக, மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் டிபி நம்மிடம் உண்டு. அது குறைவாகத்தான் தென்படுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கை மருத்துவமனைக்கு வரும் பொதுமக்களைப் பற்றியது, தினமும் நுரையீரலை அறுக்கும் உங்களைப் போன்றவர்களைப் பற்றியது அல்ல. பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கிருமி புகுந்தவர்களிலும் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. சர்க்கரை நோயும் புகையும் குடியும் அந்தக் கணக்கைக் கூட்டும்.

தோளில் இருக்கும் பிசிஜி தழும்பை நம்பி இருக்காதீர்கள். அந்தத் தடுப்பூசியே மாட்டுக் காசநோய்க் கிருமியை வீரியம் குறைத்து உருவாக்கியதுதான், 1921 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகை டிபியை அது நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுக்கிறதா என்று 1968-இல் தொடங்கிப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது நம் செங்கல்பட்டுப் பகுதியில்தான். பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு.

பிள்ளைகள் விஷயம். அன்று சாப்பிட்ட ஈரலால் அவர்களுக்கு எதுவும் இல்லை. உங்களுக்கு நுரையீரல் டிபி உறுதியானால் உங்கள் இருமல்தான் அவர்களுக்கு ஆபத்து. அப்போது மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துப்போய்ப் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை தருவார்கள். உங்கள் மகனைப் போல 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது மிக அவசியம். சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்தில் பொதுவாகப் பரவும் தன்மை நன்றாகக் குறைந்துவிடும். பரிசோதனை முடிவு வரும்வரை தனியாக, சன்னலைத் திறந்து வைத்துப் படுங்கள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டி என்னவாக இருந்திருக்கும்?

மாட்டுக்குச் "சளிக் கட்டி" என்று ஒன்று கிடையாது. நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களும், அதாவது மஞ்சள் நிறம், கத்திக்கடியில் நறநறப்பு, விலாவின் உட்புறத்தில் மணிகள், காசநோயைத்தான் காட்டுகின்றன. கட்டியின் நடுவில் செத்த திசு பாலாடைக்கட்டி போல் உதிரியாகிறது, நாளாக நாளாக அதில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. நறநறப்பு அதனால் வருவது. நெஞ்சுக்கூட்டுச் சவ்வில் முத்து கோத்தாற்போல் படரும் மணிகள் இந்த நோய்க்கே உரிய அடையாளம்.

தொட்டியில் பார்க்கும் எல்லாக் கட்டியும் டிபி அல்ல. நுரையீரலிலோ ஈரலிலோ வெட்டினால் தெளிந்த தண்ணீர் பீறிட்டு, உள்ளே வெள்ளைச் சவ்வுப் பை கழன்று வந்தால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டி. நாற்றம் அடிக்கும் பச்சை மஞ்சள் சீழ் கொழகொழவென்று வழிந்தால் சாதாரணச் சீழ்க்கட்டி. நாக்கு மரக்கட்டை போல் விறைத்து, சீழில் கந்தகத் தூள் போலச் சிறு குருணைகள் இருந்தால் அது வேறொரு பாக்டீரியா நோய். ஈரலின் குழாய்கள் தடித்து, வெட்டினால் இலை வடிவத் தட்டைப்புழு வெளியே வந்தால் அதற்கும் டிபிக்கும் சம்பந்தமில்லை. டிபிக் கட்டி பெரும்பாலும் காய்ந்திருக்கும், நாறாது, கெட்டியான உறைக்குள் இருக்கும். முதலில் அது உட்காரும் இடம் நெறிகள்: தாடைக்கு அடியில், தொண்டையின் பின்புறம், மூச்சுக்குழல் பிரியும் இடம், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, குடலைத் தாங்கும் சவ்வு. நுரையீரல் பார்க்கச் சுத்தமாக இருந்து, நடுவில் இருக்கும் நெறி மட்டும் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருப்பதும் உண்டு.

"டாக்டர் பார்த்த மாடுதானே" என்கிறீர்கள். அறுப்பதற்கு முன் உயிரோடு பார்க்கும் பரிசோதனையில் டிபி பெரும்பாலும் தெரியாது. கொழுத்த, நன்றாகத் தீவனம் எடுக்கும் பசுவின் உள்ளேயும் அது இருக்கும். உயிருள்ள மாட்டில் கண்டுபிடிக்கத் தோலுக்குள் ட்யூபர்குலின் என்ற டிபிக் கிருமிச் சாற்றை 0.1 மில்லி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். தொட்டியில் அதைச் செய்ய முடியாது. அதிலும் தமிழ்நாட்டில் 1958 சட்டப்படி 10 வயதைத் தாண்டி, உழைக்கவோ ஈனவோ தகுதியற்றது என்று சான்று பெற்ற மாடுதான் பெரும்பாலும் அறுப்புக்கு வருகிறது. டிபி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் நோய். ஆகவே கிழமாட்டில் அது இருக்க வாய்ப்பு கூடுதல். அறுத்த பிறகு உள்ளுறுப்புகளை வெட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. 2001-இல் வந்த இறைச்சிக்கூட விதி ஒரு கால்நடை மருத்துவர் அறுப்புக்கு முன் மணிக்கு 12 மாட்டுக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது என்கிறது. அறுத்த பிறகு அவர் வந்து சேர்வதற்குள் குடலும் நுரையீரலும் கூடையில் ஏறி வியாபாரிக்குப் போய்விட்டால், கறியில் குத்தும் சீல் எதற்குச் சாட்சி?

அடுத்த முறை கட்டி தென்பட்டால்

கத்தியை நிறுத்துங்கள். கட்டியை அறுத்துத் திறந்து பார்க்காதீர்கள், சீவாதீர்கள், அதன்மேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். இந்த மூன்றும்தான் கிருமியைக் காற்றிலும் பக்கத்து மாட்டின் கறியிலும் ஏற்றுகின்றன. நுரையீரல், ஈரல், குடல், தலை நான்கையும் அந்த உடலுக்குப் பக்கத்திலேயே கொக்கியில் தொங்கவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கட்டி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்த உறுப்பு எந்த மாட்டுடையது என்று தெரியாமல் போனால் அவரால் எந்த முடிவும் சொல்ல முடியாது.

முழு மாடும் போய்விடும் என்று மேஸ்திரி பயப்படுவார். எப்போதும் அப்படி ஆவதில்லை. ஒரே உறுப்பிலோ அதன் நெறியிலோ மட்டும் கட்டி இருந்து, மாடு நல்ல சதைப்பிடிப்போடு இருந்தால் அந்த உறுப்பை மட்டும் கழித்துவிட்டு மீதியை அனுமதிப்பது உண்டு. பல உறுப்புகளில் பரவியிருந்தாலோ, மாடு எலும்பும் தோலுமாக இருந்தாலோ முழுதும் கழிவுதான். நீங்கள் அறுத்த மாட்டில் நுரையீரலைத் தாண்டி விலாச் சவ்வுக்கும் நோய் போயிருக்கிறது. அதைச் சீவிவிட்டுத் தொங்கவிட்டிருக்கக் கூடாது. கழித்ததை நாய்க்குப் போடுவது நோயை ஊருக்குள் அனுப்புவது. சிறு துண்டுகளாக வெட்டாமல் அப்படியே பினாயில் ஊற்றி, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். எரிக்கும் வசதி இருந்தால் எரிக்கலாம்.

கைக்கு ரப்பர் உறை. கத்தி பிடிக்காத கையில், அதற்கு மேலே, வெட்டுப்படாத வலைக் கையுறை. உங்களுக்கு வெட்டுப்பட்டதும் அந்தக் கையில்தான். முகத்துக்குத் துண்டோ துணி மாஸ்க்கோ போதாது, என்-95 வேண்டும். அது நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும். வெட்டுப்பட்டால் ரத்தத்தைப் பிழியாமல், வாயில் வைத்து உறிஞ்சாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தேதியோடு மருத்துவமனைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

தரைக்கு வாசனை பினாயிலும் டெட்டாலும் போதாது. இந்தக் கிருமிக்கு மெழுகு போன்ற மேலுறை இருப்பதால் பல கிருமிநாசினிகள் உள்ளே இறங்காது. முதலில் ரத்தத்தையும் கொழுப்பையும் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 35 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை ஊற்றி 30 நிமிடம் விடுங்கள். ரத்தத்தின்மேலேயே பிளீச்சிங் கொட்டினால் குளோரின் ரத்தத்தோடு போராடியே தீர்ந்துவிடும். பெரும்பாலான இடங்களில் நடக்கும் தவறு இதுதான். ஈரம் பட்ட பழைய மூட்டையில் வீரியம் இருக்காது.

சொன்னால் வேலை போகுமா?

சொல்வது காட்டிக்கொடுப்பது அல்ல. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் அட்டவணையில் மாட்டுக் காசநோய் இருக்கிறது. நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் நாட்டில் வீடு வீடாக மாட்டுக்கு டிபி சோதிக்கும் ஏற்பாடு இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கணக்கு, நாட்டில் சுமார் 2 கோடியே 18 லட்சம் மாடுகளுக்குத் தொற்று இருக்கலாம் என்றது. அதை யாராவது கண்ணால் பார்க்கும் ஒரே இடம் உங்கள் கொக்கியின் முன்னால்தான். நீங்கள் சொன்னால் அந்தப் பசு எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே காய்ச்சாத பால் குடிக்கும் குழந்தை உண்டா என்று தேடிப் போக வழி பிறக்கும்.

உங்கள் உரிமைக்கும் சட்டம் இருக்கிறது. விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இருந்தது. அந்த இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே பட்டியல் தொடர்கிறது. ஒப்பந்தக்காரர் கீழே தினக்கூலியாக இருந்தாலும் கேட்கலாம். "டிபி ஊரில் எல்லோருக்கும்தான் வருகிறது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்: வேலைக்கு வந்த பதிவு, வெட்டுப்பட்ட நாள், மருவின் போட்டோ, திசுப் பரிசோதனை முடிவு. கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கு இலவச வக்கீல் கிடைப்பார். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டென்றால், டிபிக்கு நீண்டகால நோய்க்காலப் பணப்பயனும் உண்டு.

மேஸ்திரியிடம் "எனக்கு டிபி" என்று தொடங்க வேண்டாம், நோய் இன்னும் உறுதியாகவில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து, "உணவுப் பாதுகாப்பு விதிப்படி எங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இன்னும் செய்யவில்லை" என்று நகராட்சிச் சுகாதார அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். தனி ஆளைக் குறிவைப்பது கடினமாகும். டிபி உறுதியானால் அரசின் பதிவில் பெயர் ஏறும், அந்தத் தகவல் முதலாளிக்குப் போகாது. 2024 நவம்பர் முதல் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும். சந்தேகம் கேட்க இலவச எண் 1800-11-6666.

கடைசியாகக் கத்தி. வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் காய்ந்து ஒட்டியிருப்பது, சாணைக்கல் சுற்றும்போது தூளாகப் பறக்கும். உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டியிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, அங்கேயே சாணை பிடியுங்கள். மரப்பிடி இருந்தால் பிளாஸ்டிக் பிடிக்கு மாற்றிவிடுங்கள், மரத்தின் வெடிப்பில் போனதைக் கழுவி எடுக்க முடியாது. இரண்டு கத்தி வைத்துக்கொண்டால் ஒன்று வெந்நீரில் கிடக்கும்போது மற்றொன்றால் வேலை நடக்கும். வேலைச் சட்டையையும் லுங்கியையும் அங்கேயே மாற்றி, தனிப் பையில் கட்டி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கச் சொல்லுங்கள்.